கேனை உருக்கிக் கைச்சக்கரம் வார்க்க முடியுமா?

ஜனவரி 9 (கேள்வி)

நூறு குளிர்பானக் கேன் சேர்த்து வைத்திருக்கிறேன். கொல்லைப்புறத்தில் கரி உலை போட்டு, இரும்புக் குவளையில் உருக்கி, என் பழைய துளையிடும் எந்திரத்தின் உடைந்துபோன கைச்சக்கரத்தைப் புதிதாக வார்க்கப் போகிறேன். அலுமினியம் எல்லாம் ஒன்றுதானே, 660 டிகிரியில் உருகிவிடும். இதில் ஏதாவது தவறு இருக்கிறதா அண்ணா?

ஜனவரி 9, இரவு

660 சரி. "எல்லாம் ஒன்றுதான்" என்பதில்தான் தகராறு.

ஒரு கேன் ஏறக்குறைய 13 கிராம். நூறு கேன் என்றால் கணக்குக்கு 1.3 கிலோ. கையில் அவ்வளவு வராது. நானும் கேனில்தான் ஆரம்பித்தேன். ஒரு சாக்கு கேன் உள்ளே போனது. மூசையின் (உலோகம் உருக்கும் பாத்திரம்) மேல்பகுதி முழுக்க ஈரச் சாம்பல் மாதிரி ஒரு கசடு, அடியில் கொஞ்சம் உலோகம். கரண்டியால் அழுத்தினால் அந்தச் சாம்பலுக்குள்ளிருந்து வெள்ளி மணிகள் பிதுங்கின, ஆனால் ஒன்றோடொன்று சேரவில்லை.

காரணம் மேல்தோல். அலுமினியம் காற்றுப் பட்டதுமே ஆக்சைடு தோல் போர்த்திக்கொள்ளும். அந்த ஆக்சைடு உருக 2072 டிகிரி வேண்டும், நம் உலைக்கு அது எட்டாத உயரம். கேனின் சுவரோ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. இரண்டு பக்கமும் தோல், அதன்மேல் பெயின்ட், உள்ளே லாக்கர் பூச்சு. உள்ளிருக்கும் உலோகம் உருகினாலும் பைக்குள் மாட்டிய தண்ணீர்போல அங்கேயே நின்றுவிடுகிறது. சூடு ஏற ஏற அதுவும் எரிந்து கசடாகிறது.

ஜனவரி 10

இன்னொரு காரணத்தை நேற்று விட்டுவிட்டேன், அதுதான் பெரியது. கேன் தகடு மெல்லிசாக இழுப்பதற்கென்று செய்த கலவை. மாங்கனீசும் மக்னீசியமும் சேர்ந்தது. இழுக்கச் சொன்னால் அழகாக இழுபடும். அச்சுக்குள் ஊற்றினால் ஓட மறுக்கும்.

ஓடவைப்பது சிலிக்கான். கார் அலாய் சக்கரத்தில் பெரும்பாலும் 7 சதவீதம், பிஸ்டனில் 12 பக்கம் இருக்கும். 12.6 சதவீதத்தில் கலவை 577 டிகிரியிலேயே உருகிவிடும், தண்ணீர் மாதிரி மூலைமுடுக்கெல்லாம் பாயும். ஜன்னல் சட்டம், ஏணிக் குழாய் இதிலெல்லாம் சிலிக்கான் ஒரு சதவீதம்கூட இருக்காது. அவற்றை வைத்து ஆரம் போட்ட சக்கரம் வார்த்தால், ஆறும்போது ஆரமும் விளிம்பும் சேரும் இடத்தில் கிழியும். விரிசல் இல்லை, கிழிசல்தான். பாதி கெட்டியான நிலையிலேயே பிய்ந்துபோகும்.

ஆகவே ஏற்கெனவே ஒருமுறை வார்க்கப்பட்டதைத் தேடுங்கள். பிஸ்டன், சிலிண்டர் ஹெட், கியர்பாக்ஸ் மூடி, அலாய் சக்கரம்.

ஜனவரி 10, பிறகு

கேனை வீசிவிட வேண்டாம். மூசையில் உருகிய உலோகம் ஏற்கெனவே ஒரு குளமாக நிற்கும்போது, நன்றாகச் சூடேற்றிய கேனை நசுக்கி உள்ளே அமுக்கினால் இழப்பு குறையும். கேனே உதவாது என்பதுபோல் நேற்று எழுதியது கொஞ்சம் அவசரம். கேன் மட்டும் என்றால் உதவாது.

ஜனவரி 14

வெள்ளையாக இருப்பதெல்லாம் அலுமினியம் இல்லை.

மக்னீசியம்: மரம் அறுக்கும் எந்திரத்தின் உடல், சில கியர்பாக்ஸ் உறைகள். கையில் எடுத்தால் "இவ்வளவு லேசாகவா" என்று தோன்றும். ஓர் இடத்தில் அரம் போட்டுப் புது உலோகம் தெரியவைத்து, அதன்மேல் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். மக்னீசியம் என்றால் நுரைத்துப் பொங்கும், அலுமினியம் சும்மா கிடக்கும். மக்னீசியத்தை மூசைக்குள் போட்டுத் தீப்பிடித்தால் நீரால் அணைக்க முடியாது, நீர் பட்டால் இன்னும் ஆவேசமாக எரியும். காய்ந்த மணல் ஒரு வாளி எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.

துத்தநாகக் கலவை: பழைய கார்புரேட்டர், கதவுப் பிடி. அலுமினியத்தைவிட இரண்டரை மடங்கு கனம், அதனால் கையே சொல்லிவிடும். 400 டிகிரிக்கு முன்பே உருகும். அலுமினியத்தோடு சேர்ந்துவிட்டால் வார்ப்பு சூட்டில் கிழியும்.

ஜனவரி 15

இரண்டு முனையும் அடைத்த எதையும் உலையில் போடாதீர்கள். ஷாக் அப்சார்பர், மூடிய குழாய், காலியாகத் தெரியும் ஸ்பிரே டப்பா. உள்ளே எண்ணெயோ காற்றோ வாயுவோ மாட்டியிருந்தால் வெடிக்கும். எப்படிப்பட்ட குழாயையும் நான் இப்போது நெடுக்காக அறுத்துவிட்டுத்தான் போடுகிறேன்.

ஜனவரி 22

தண்ணீர் பற்றித் தனியாக எழுதச் சொன்னீர்கள். இதை நிதானமாகப் படியுங்கள்.

மீதி உலோகத்தைக் கட்டியாக ஊற்றி வைக்க என்னிடம் ஓர் எஃகு அச்சு இருந்தது. இரவு முழுக்க வெளியே கிடந்தது. காலையில் கையால் தடவிப் பார்த்தேன், காய்ந்த மாதிரிதான் இருந்தது. ஊற்றினேன். முதல் குழியில் ஒன்றும் இல்லை. இரண்டாவது குழியில் "டப்" என்று ஒரே ஒரு சத்தம், குழியில் இருந்த உலோகம் அங்கே இல்லை. என் இடுப்புயரத்துக்கு எழும்பிச் சுற்றிலும் சிதறியது. பட்டாணி அளவு ஒரு சொட்டு என் காலணி மேல் விழுந்து, தோலைக் கருக்கி, அங்கேயே தட்டையாக உறைந்தது. தோல் காலணி என்பதால் கால் பிழைத்தது. அந்தச் சொட்டை இன்னும் வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி, மறுபக்கம் காலணித் தோலின் வரிவரியான பதிவு.

அச்சின் மூலையில் பனி ஈரம் எவ்வளவு இருந்திருக்கும்? அரைச் சொட்டு. நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 1,700 மடங்கு பெருக்கும். உலோகத்துக்கு மேலே நீர் விழுந்தால் ஆவி மேலே போய்விடும், அதுவும் ஆபத்துதான். உலோகத்துக்கு அடியில் நீர் மாட்டினால் ஆவி போக வழியில்லை, மேலே இருக்கும் உலோகத்தைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் போகும்.

அன்றிலிருந்து, உலோகத்தைத் தொடும் எதுவும் முதலில் உலையின் விளிம்பில் காய வேண்டும். கட்டி அச்சு, கசடு எடுக்கும் கரண்டி, அடுத்துப் போடப்போகும் பிஸ்டன், எல்லாமே. துருப்பிடித்த கம்பியும் இதில் சேர்த்திதான். துரு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். சிமென்ட் தரை மேல் நின்று ஊற்றவே கூடாது. சிமென்ட் காய்ந்து தெரிந்தாலும் உள்ளே ஈரம் உண்டு, சிந்தினால் தரையே செதில் செதிலாகத் தெறிக்கும். ஒரு சாண் உயரத்துக்குக் காய்ந்த மணல் பரப்பி அதன்மேல் வேலை செய்யுங்கள்.

ஜனவரி 23

உடை: பருத்தி. நைலான், பாலியஸ்டர் வேண்டாம், உருகித் தோலில் ஒட்டும். கால்சட்டை காலணிக்கு வெளியே தொங்க வேண்டும், உள்ளே செருகினால் சொட்டு நேராகக் காலணிக்குள் இறங்கும். கண்ணாடியும் அதன்மேல் முகக்கவசமும். வாசல் திறந்திருக்கிறது என்று கூரைக்குள் உலை மூட்டாதீர்கள்; கரிப்புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

பிப்ரவரி 3

இரும்புக் குவளை போதுமா என்று மறுபடி கேட்டிருந்தீர்கள். முதல் நாளே கேட்டது, நான்தான் கேனில் மூழ்கி விட்டுவிட்டேன்.

சில தடவை ஓடும். எஃகு 660-இல் உருகாது என்பது உண்மை. ஆனால் உருகிய அலுமினியம் இரும்பைக் கரைக்கும், சர்க்கரையைத் தேநீர் கரைக்கிற மாதிரி. என் எஃகுப் பாத்திரம் எட்டாவது முறை தாங்கவில்லை. தூக்கும்போது லேசாக இருந்தது. குனிந்து பார்த்தால் உலையின் அடியில் உலோகம் குளம்கட்டி நின்றது. பாத்திரத்தின் அடியில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை. நல்லவேளை, தூக்கிய பிறகு ஓட்டை விழவில்லை, தூக்குவதற்கு முன்பே விழுந்திருந்தது.

கரைந்த இரும்பு எங்கே போகும்? உங்கள் வார்ப்புக்குள். சிலிக்கானோடு சேர்ந்து ஊசி ஊசியாகப் படிகமாகும், உலோகம் நொறுங்கும் தன்மைக்கு வரும்.

களிமண்ணும் கிராஃபைட்டும் கலந்த மூசை வாங்குங்கள். புது மூசையை முதல்முறை மெதுவாகச் சூடேற்றுங்கள், அதுவும் ஈரம் குடித்திருக்கும். இன்னொன்று: குளிர்ந்த கட்டியை மூசைக்குள் இறுக்கமாகச் செருகாதீர்கள். அலுமினியம் சூட்டில் மூசையைவிடப் பல மடங்கு விரியும், உருகுவதற்கு முன்பே மூசையைப் பிளந்துவிடும். தூக்கும் இடுக்கி மூசையின் வயிற்றுக்குக் கீழே பிடிக்க வேண்டும். விளிம்பைக் கவ்வித் தூக்கினால் விளிம்பு மட்டும் கையோடு வரும்.

பிப்ரவரி 16

என் பழைய யோசனை ஒன்றைத் திரும்பப் பெறுகிறேன். உலைக்கு உள்பூச்சாக மணலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் கலந்து போடலாம் என்று உங்களிடம் தனியாகச் சொல்லியிருந்தேன். போடாதீர்கள்.

இறுகிய பிளாஸ்டர் என்பது ஜிப்சம். அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு நீர், வேதியியல்படி உள்ளேயே கட்டுண்டு கிடக்கிறது. வெயிலில் ஒரு மாதம் காயவைத்தாலும் அந்த நீர் போகாது. உலை சூடானால் போகும், போகும்போது பூச்சின் வலுவையும் கொண்டுபோகும். என் உலை ஐந்தாறு முறைக்குள் உள்ளே பொரிந்து, தொட்டால் மாவாக உதிர்ந்தது. அந்த மாவு மூசைக்குள்ளும் விழுந்தது.

இப்போது இருப்பது செராமிக் கம்பளி, அதன்மேல் தீக்காரை, அதாவது சூடு தாங்கும் காரை, பூசியது. கம்பளியைப் பூசாமல் விடக்கூடாது, அதன் நுண்ணிழை நுரையீரலுக்குக் கேடு. வெட்டும்போதும் சுவாசக் கவசம் போடுங்கள். தீக்காரையை முதல் மூன்று முறை சிறு தீயில் மணிக்கணக்காக ஆற்றி ஆற்றிக் காயவைத்தேன். பொறுமையைச் சோதிக்கிற வேலை, ஆனால் பூச்சில் இன்றுவரை ஒரு கீறல் இல்லை.

மார்ச் 1

என் பழைய வார்ப்புகளில் ஊசிமுனைத் துளைகள் நிறைய. மணல் சேர்ந்துவிட்டது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். மணலைச் சலித்தேன், அச்சை ஊதினேன், கசடை இரண்டு தடவை வழித்தேன். துளை போகவில்லை.

அது ஹைட்ரஜன். அலுமினியம் நீராவியைப் பார்த்தால் ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ளும், மிஞ்சிய ஹைட்ரஜன் உலோகத்துக்குள் கரையும். உருகிய நிலையில் 100 கிராம் உலோகம் 0.69 மில்லிலிட்டர் வரை வைத்துக்கொள்ளும். கெட்டியானதும் 0.036-தான் தாங்கும், ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. மிச்சம் வெளியே வரத் துடிக்கும்போது சுற்றிலும் உலோகம் உறைந்துகொண்டிருக்கும். அங்கேயே குமிழாக நின்றுவிடும்.

சூடு கூடக்கூட இன்னும் அதிகமாகக் குடிக்கும். நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? "நல்லா சூடாகட்டும், நல்லா ஓடும்" என்று விட்டுக்கொண்டிருந்தேன். அலுமினியத்தைப் பார்த்துச் சூடு சொல்ல முடியாது. இரும்பு மாதிரி சிவந்து காட்டாது. பகல் வெளிச்சத்தில் 650-க்கும் 850-க்கும் அதன் முகம் ஒன்றே, பளபளவென்று வெள்ளி. சூடு அளக்கும் கே வகை தெர்மோகப்பிள் ஒன்று வாங்கி முதல் நாள் விட்டுப் பார்த்தபோது 890 காட்டியது. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்துக் கொதிநீரில் வைத்துச் சரிபார்த்தேன். சரியாக 100. கருவி சரி, நான் இத்தனை நாளும் 170 டிகிரி அதிகமாகச் சமைத்திருக்கிறேன்.

இப்போது 720-இல் எடுக்கிறேன். மெல்லிய வார்ப்பென்றால் 740.

மார்ச் 2

வாயுவை வெளியேற்ற நீச்சல்குள குளோரின் மாத்திரையை உள்ளே அமுக்கலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம். குளோரின் வாயுவை முகத்துக்கு நேரே நீங்களே தயாரிக்கிற வேலை அது. ஆர்கான் சிலிண்டர் இருந்தால் காய்ந்த கிராஃபைட் குழாய் வழியாக அடியிலிருந்து மெல்லக் குமிழ்விடலாம். இல்லையென்றால் சுத்தமான காய்ந்த உலோகம், வேகமாக உருக்கு, அளவான சூடு, சீக்கிரம் ஊற்று. வீட்டு அளவுக்கு இதுவே பெரிய மாற்றம் தரும். சும்மா கிளறிக்கொண்டிருக்காதீர்கள், கிளறுகிற ஒவ்வொரு முறையும் மேல்தோல் கிழிந்து புது உலோகம் காற்றைப் பார்க்கும்.

கேஸ் அடுப்பு என்றால் ஈரமில்லை என்று நினைக்க வேண்டாம். கேஸ் எரிந்தாலே நீராவி வரும். தீநாக்கு மூசைக்கு வெளியே சுற்றட்டும், வாய்க்குள் எட்டிப்பார்க்க வேண்டாம்.

மார்ச் 15

என் எந்திரத்துக்கும் ஒரு கைச்சக்கரம் வேண்டியிருக்கிறது, அதனால் உங்களோடு சேர்ந்து நானும் வார்க்கிறேன். மணலில் பதித்து அச்செடுப்பதற்கான மாதிரியை, அதாவது பேட்டர்னை, மரத்தில் செய்துவிட்டேன். அலுமினியம் ஆறும்போது நீளத்தில் ஏறக்குறைய 1.3 சதவீதம் சுருங்கும், ஆகவே 150 மில்லிமீட்டர் சக்கரத்துக்குப் பேட்டர்ன் 152. ஓரங்களில் கொஞ்சம் சரிவு கொடுத்தேன், இல்லாவிட்டால் தூக்கும்போது மணலையும் சேர்த்துத் தூக்கும்.

மணல்: மெல்லிய சிலிக்கா மணல், பத்தில் ஒரு பங்கு பென்டோனைட் களிமண், நீர் மூன்றிலிருந்து ஐந்து சதவீதம். கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துத் திறந்தால் விரல் ரேகை பதிய வேண்டும். இரண்டாக உடைத்தால் விளிம்பு கூராக, சுத்தமாக உடைய வேண்டும். கையில் ஈரம் ஒட்டினால் நீர் அதிகம்.

சிலிக்கா தூசி நுரையீரலில் போய்த் தங்கும், திரும்பி வராது. மணலைச் சலிக்கும்போதும், வார்த்த பிறகு அச்சை உடைக்கும்போதும் கவசம் கட்டாயம்.

மார்ச் 16

"அரைச் சொட்டு ஈரம் வெடிக்கும் என்றீர்கள், இப்போது மணலில் நீங்களே நீர் ஊற்றச் சொல்கிறீர்களே?"

நியாயமான கேள்வி. ஜனவரியில் நான் எழுதியதை அப்படியே படித்தால் இது முரண்தான். ஒரு நாள் முழுக்க யோசித்தேன்.

எஃகு அச்சில் ஈரம் ஒரே இடத்தில் தேங்கும், அடியில் உலோகம், மேலே உலோகம், ஆவிக்கு வழியில்லை. பச்சை மணலில் (களிமண்ணும் நீரும் கலந்த இந்த அச்சு மணலுக்கு அதுதான் பெயர்) அதே நீர் ஒவ்வொரு மணியைச் சுற்றியும் மெல்லிய படலமாகப் பரவிக் களிமண்ணோடு ஒட்டியிருக்கிறது. மணிகளுக்கு நடுவே இடைவெளி உண்டு. உலோகம் தொட்டதும் ஆவி பின்பக்கமாக மணலுக்குள் ஓடிவிடும். அதனால்தான் மெல்லிய கம்பியால் மேலே குத்திக் குத்தி வழிவிடுகிறோம்.

அந்த வழியை அடைத்தால் மணலும் எஃகு அச்சாகிவிடும். நீர் அதிகமானாலோ, கல்மாதிரி அடித்து இறுக்கினாலோ, தூசியளவு மணல் ஏராளமாகச் சேர்ந்தாலோ ஆவி உலோகத்துக்குள்ளேயே புகும். வார்ப்பின் தோலுக்குக் கீழே வழவழப்பான பெரிய குழி இருந்தால் அது இதுதான். ஆகவே ஜனவரி வாக்கியத்தைத் திருத்துகிறேன்: மாட்டிக்கொள்ளும் நீர்தான் வெடிக்கும்.

மார்ச் 29

முதல் சக்கரம் போனது. விளிம்பும் ஆரமும் நன்றாக வந்தன, தண்டு நுழையும் நடுக்குடத்தில் கட்டைவிரல் புதையும் பள்ளம்.

உருகிய அலுமினியம் கெட்டியாகும்போது கனஅளவில் ஆறு சதவீதத்துக்கு மேல் குறையும். மெல்லிய பகுதிகள் முதலில் உறைந்து, தங்களுக்கு வேண்டியதைக் குடத்திலிருந்து இழுத்துக்கொள்கின்றன. கடைசியில் உறையும் குடத்துக்குக் கொடுக்க ஆளில்லை. குடத்துக்கு மேலேயே அதைவிடப் பருமனான ரைசர், அதாவது கூடுதல் உலோகம் நிற்கும் ஒரு தூண், வைத்திருக்க வேண்டும், அது கடைசியாக உறைந்து எல்லாருக்கும் கொடுக்கும். பேட்டர்ன் அழகில் மயங்கி ரைசரைச் சுண்டுவிரல் கனத்தில் வைத்தேன்.

இரண்டாவது சக்கரம், ஏப்ரல் வேலை. ஊற்றும் விதத்தையும் மாற்றுகிறேன். உலோகம் விநாடிக்கு அரை மீட்டருக்கு மேல் ஓடினால் அதன் மேல்தோல் மடிந்து உள்ளே போய்விடும். அந்த மடிப்பு கண்ணுக்குத் தெரியாத விரிசல். அரை மீட்டர் வேகம் எட்ட 13 மில்லிமீட்டர் விழுந்தாலே போதும். உயரத்திலிருந்து ஒழுகவிடுவதை இனி விட வேண்டும். மூசையின் வாயை ஊற்றுக்கிண்ணத்துக்கு ஒட்டினாற்போல் வைத்து, ஊற்றுக்குழாய் எப்போதும் நிரம்பியே இருக்கும்படி, விடாமல் ஊற்ற வேண்டும். சக்கரத்துக்குள் கீழ்ப்பக்கத்திலிருந்து நிரம்பட்டும்.

ஏப்ரல் 2

கசடைப் பார்க்கும்போதெல்லாம் நினைவுக்கு வருவது: 1884-இல் வாஷிங்டன் நினைவுத்தூணின் உச்சியில் வைத்த சிறு பிரமிடு அலுமினிய வார்ப்புதான், 2.85 கிலோ. வில்லியம் ஃபிரிஷ்மத் என்பவர் வார்த்தார். மின்சாரத்தால் அலுமினியம் பிரிக்கும் வழி அமெரிக்காவிலும் பிரான்சிலும் தனித்தனியே கண்டுபிடிக்கப்பட்டது அதற்கு இரண்டு ஆண்டு கழித்து. அதுவரை அது விலைமதிப்பான உலோகம். இன்று தாதுவிலிருந்து எடுக்க ஆகும் ஆற்றலில் ஏறக்குறைய 5 சதவீதத்தில் பழையதை உருக்கிவிடலாம். ஒரு பிஸ்டனைக் கையில் எடுக்கும்போது, அந்த மீதி 95-ஐயும் யாரோ ஏற்கெனவே செலவழித்துவிட்டார்கள் என்று தோன்றும். வீணாக்க மனம் வராது.

ஏப்ரல் 6

கசடு வாளியை மழையில் விட்டுவிட்டேன். இன்று காலை மூடியைத் திறந்ததும் மூக்கைக் குத்தும் காரமான நெடி, கண்ணில் நீர் வந்துவிட்டது. அம்மோனியா. அதிகச் சூட்டில் அலுமினியம் காற்றிலுள்ள நைட்ரஜனோடும் சேர்ந்து நைட்ரைடு ஆகும். அதன்மேல் நீர் பட்டால் அம்மோனியா வெளிவரும். தொட்டுப் பார்த்தேன், வாளி வெதுவெதுப்பாக இருந்தது. ஹைட்ரஜனும் வரக்கூடும், ஆகவே இறுக்கி மூடி வைப்பதும் தவறு. ஈரம் படாத, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். ஈரமான கசடைத் திரும்ப மூசையில் போடும் எண்ணம் எனக்கு இருந்தது, விட்டுவிட்டேன்.

நெடி வந்த கசடு எல்லாம் பழைய 890 டிகிரி நாட்களுடையது.

ஏப்ரல் 19

இரண்டாவது சக்கரம். நான்கு பிஸ்டனும் ஓர் உடைந்த கியர் மூடியும். 725-இல் எடுத்தேன். ரைசர் இந்த முறை குடத்தைவிட அகலம், மேலே நன்றாகக் குழிந்து இறங்கியிருந்தது. குழி அங்கே விழுந்ததைப் பார்த்தபோதே பாதி நிம்மதி.

முழுக்க ஆறும்வரை தொடவில்லை. பிறகு ரைசரை இரும்பு வாளால் அறுத்தேன். வெட்டு முகத்தை மெல்லிய காகிதத்தால் தேய்த்து, வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். மார்ச்சில் அறுத்த துண்டு ரவை கொட்டிய மாதிரி இருந்தது. இதில் இரண்டு துளை எண்ணினேன், இரண்டும் ரைசர் பக்கம். குடம் கெட்டி. துளையிட்டுத் தண்டில் மாட்டியாயிற்று, ஆட்டம் இல்லை.

உங்கள் பேட்டர்ன் படத்தைப் பார்த்தேன். குடம் என்னுடையதைவிடப் பருமன், ரைசரை இன்னும் பெரிதாக்குங்கள். ஊற்றும் நாளில் கட்டி அச்சை உலைமேல் வைக்க மறக்க வேண்டாம்.